கேட்டுக்குள் சாப்பிடாத கோதண்டம்

ஒரகடம் பக்கம் போய்க் கோதண்டம் எங்கே என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. கேட்டு கோதண்டம் என்று கேளுங்கள், டீக்கடையில் கிளாஸ் கழுவுகிறவர்கூடக் கையை நீட்டி வழி சொல்வார். படப்பையிலிருந்து வரும்போது, கம்பெனிச் சுவர்களுக்கு நடுவே மாட்டிக்கொண்ட பழைய மஞ்சள் கட்டடம் ஒன்று வருமே, அதன் வாசலில்தான் மனிதர் பாதி ஆயுளைக் கழித்தார்.

முதலில் அது தண்ணீர் வைத்திய ஓட்டல். மாத்திரை கிடையாது, ஊசி கிடையாது. இடுப்பளவுத் தொட்டியில் குளிர்ந்த நீரை நிரப்பி உட்காரவைப்பார்கள், வயிற்றில் ஈரத்துணி சுற்றுவார்கள், வேளைக்கு ஒரு டம்ளர் எலுமிச்சைச் சாறு, அவ்வளவுதான். சென்னையிலிருந்து காரில் வந்து இறங்கும் பெரிய மனிதர்கள் மறுநாளே பஜ்ஜி நினைப்பில் கேட்டுக்கு வந்துவிடுவார்கள். அவர்களைத் திருப்பி அனுப்புவதுதான் கோதண்டத்தின் உத்தியோகம். பிழைப்பா அது, பாவம்! ஒரு நகைக்கடை முதலாளி ஒரே ஒரு மசால் தோசைக்காக இவர் காலில் விழப் பார்த்தாராம். கோதண்டம் மசியவில்லை. ஆனால் அன்றிலிருந்து தன் சோற்று டப்பாவைத் தூக்கிக்கொண்டு வெளியே போய், சாலையோரப் புளியமரத்தடியில்தான் சாப்பிட்டார். பட்டினி கிடக்கிறவன் எதிரில் எந்த முகத்தோடு டப்பாவைத் திறப்பது என்பது அவர் கட்சி.

ஓட்டல் நொடித்துப்போய்க் கட்டடம் கல்யாண மண்டபமாயிற்று. வைத்தியத் தொட்டிகளில் ஐஸைக் கொட்டி சோடா பாட்டில்களை மிதக்கவிட்டார்கள். பந்திக்கு வாங்க என்று ஆளாளுக்குக் கையைப் பிடித்து இழுத்தாலும் இவர் சோற்றைப் பொட்டலம் கட்டிக்கொண்டு மரத்தடிக்கு நடப்பார். பிறகு தொழிற்சாலைகள் நெருங்கி வந்தன, மண்டபம் பெண்கள் ஹாஸ்டலாயிற்று. தெற்கேயிருந்து வேலைக்கு வந்த பெண்கள் அதே தொட்டிகளில் யூனிஃபாரம் ஊறவைத்தார்கள். கோதண்டம் மட்டும் அதே கேட்டு, அதே டப்பா, அதே மரம். இப்போது அங்கே யார் பட்டினி என்று கேட்டால், பழகிப்போச்சு என்று சிரிப்பார்.

ஆனால் பட்டினி முகம் மட்டும் அவர் கண்ணுக்குத் தப்பாது. தூத்துக்குடிப் பக்கத்துப் பெண் ஒருத்தி, இசக்கிசெல்வி என்று பேர், கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கும்போது கம்பியை விடாமல் பிடித்துக்கொண்டு இறங்குவதைப் பார்த்துவிட்டு விசாரித்தார். மெஸ் சோறு தொண்டையில் இறங்கவில்லையாம். டீயும் பிஸ்கட்டுமாக ஓட்டியிருக்கிறாள். கம்பெனியில் லைனில் நின்று வேலை பார்த்தபடியே ஒருநாள் மயங்கியும் விழுந்திருக்கிறாள். இன்னொரு தடவை விழுந்தால் ஊருக்குப் போய்விட வேண்டியதுதான் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். அம்மாவுக்குத் தெரிய வேண்டாம் என்று கெஞ்சினாள். கோதண்டம் நல்ல பிள்ளையாகத் தலையாட்டிவிட்டு, அவள் அறைத்தோழியிடம் நம்பர் வாங்கி அம்மாவுக்கே போன் போட்டுவிட்டார். அம்மா கிளம்பி வந்தால் கேட்டில் தடுக்க வேண்டிய ஆள் தான்தான் என்பது மனிதருக்கு அப்போது உறைக்கவே இல்லை.

அடுத்த நாள் காலை, இரவு ஷிப்ட் முடிந்து பெண்கள் உள்ளே போன சற்று நேரத்தில், தாய் சொர்ணம்மாள் வந்து நின்றாள். இரவெல்லாம் பஸ்ஸில் உட்கார்ந்து, தாம்பரத்தில் இறங்கி, ஷேர் ஆட்டோ பிடித்து வந்திருக்கிறாள். கையில் தூக்குச்சட்டி. அதில் சுண்டக் காய்ச்சிய கருவாட்டுக் குழம்பு.

வெளியாள் கேட்டைத் தாண்டக் கூடாது, வெளிச்சாப்பாடு உள்ளே வரக் கூடாது, ஞாயிறு தவிரப் பெண்கள் வெளியே போகக் கூடாது. முதலாளி ஸ்ரீதரின் கண்டிப்பான உத்தரவு. மீறினால் வாட்ச்மேன் வீட்டுக்குப் போகலாம். கோதண்டம் சொல்லி அனுப்பியதும் இசக்கிசெல்வி ஓடிவந்து கேட்டுக் கம்பிக்கு உள்பக்கம் நின்றாள்.

"ஏட்டி, என்னட்டி இப்படி ஆயிட்ட?" என்றாள் சொர்ணம்மாள்.

கோதண்டம் இடுப்பிலிருந்து சாவியை எடுத்தார். வேலை போனால் இந்த வயதில் யார் கூப்பிட்டு வேலை கொடுப்பார்கள்? இருந்த நிலமும் எப்போதோ கம்பெனிக்குள் போய்விட்டது. சாவியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். அப்புறம் பூட்டைத் திறந்தார்.

"உள்ள வாம்மா. பெத்தவ ரோட்டுலயா நிக்கறது?"

இருவரையும் தொட்டி அறையில் உட்காரவைத்து, மெஸ்ஸிலிருந்து சோறு வாங்கிக் கொடுத்தார். உப்புப் போட்ட கஞ்சியைக்கூட ஒரு காலத்தில் உள்ளே விடாத அறை அது. இன்றைக்குக் கருவாட்டு வாசனை மாடி வரை ஏறிவிட்டது. சொர்ணம்மாள் பிசைந்து உருட்டிக் கொடுக்க, மகள் முதல் உருண்டையை அழுதுகொண்டே விழுங்கினாள். பிறகு அழுகை நின்றது, சோறு மட்டும் இறங்கிக்கொண்டிருந்தது. கண் நிறையப் பார்த்துவிட்டு, கோதண்டம் போனை எடுத்துக்கொண்டு வெளியே போய்வந்தார்.

வாசனையைப் பிடித்துக்கொண்டு வார்டன் அமலா இறங்கி வந்தாள். அவள் வாயைத் திறப்பதற்குள் இவர் முந்திக்கொண்டார்.

"நான்தான் கேட்டத் தொறந்தேன் மேடம். சார் கையிலயும் போன் போட்டு நானே சொல்லிட்டேன். நாளைலேர்ந்து வரவாணாம்னுட்டாரு. இந்தப் பொண்ண ஒண்ணும் சொல்லாதீங்க."

அமலா வந்த வழியே படியேறினாள். சொர்ணம்மாள் எழுந்து, மிச்சச் சோற்றில் குழம்பை ஊற்றிப் பிசைந்து தட்டை அவர் கையில் கொடுத்தாள். கோதண்டம் வாங்கிக்கொண்டு பழக்க தோஷத்தில் வெளியே நடந்தார்.

"அண்ணாச்சி, எங்க போறிய? இங்கனயே இருந்து சாப்பிடுங்க. எம்புள்ளைக்கு வயிறு நெறைஞ்சிட்டு."

கோதண்டம் திரும்பி இசக்கிசெல்வியின் முகத்தைப் பார்த்தார். பட்டினி அதில் இல்லை. தொட்டி விளிம்பில் உட்கார்ந்து முதல் வாயை எடுத்து வைத்தார்.