அத்திம்பேரின் டப்பா

என் தங்கை பிறந்த சமயம் யுத்தம் நடந்துகொண்டிருந்தது. மாட்டுங்காவில் நல்ல அரிசிக்குப் பஞ்சம், மண்ணெண்ணெய்க்கு வரிசை. அத்திம்பேர் கொண்டுவரும் டப்பாவுக்கு மட்டும் குறைவே இல்லை. அத்திம்பேர் என் அத்தையின் கணவர். குழந்தைகளுக்கான டப்பா மாவு விற்கிற கம்பெனியில் பெரிய உத்தியோகஸ்தர். அப்பாவுக்குக் கோட்டைப் பக்கம் ஓர் ஆபீஸில் குமாஸ்தா வேலை வாங்கித் தந்தவரும் அவரே. அதனால் அவர் வாயிலிருந்து வருவதெல்லாம் எங்கள் வீட்டில் சட்டம்.

தங்கைக்கு ஆறு மாதம் ஆனதும் முதல் டப்பா வந்தது. அதன்மேல் ஒரு வெள்ளைக்காரக் குழந்தை கன்னம் பிதுங்கச் சிரிக்கும். "வெந்நீர்லே கரைச்சாப் போறும். இனிமே அடுப்படியிலே கிடந்து வேகவேண்டாம்" என்றார் அத்திம்பேர்.

அந்த வாரமே குழந்தைக்கு வயிறு கெட்டுப்போயிற்று. பத்து நாளில் கைகால் குச்சியாகிவிட்டது. அழக்கூடத் தெம்பில்லாமல் முனகும். எனக்கே பயமாக இருந்தது.

"டப்பாவை நிறுத்திடலாம்" என்றாள் அம்மா.

"அத்திம்பேர்கிட்டே எந்த மூஞ்சியை வெச்சுண்டு சொல்றது? நாளைக்கு என் வேலைக்கு ஏதாவது வந்துதுன்னா?" என்றார் அப்பா.

மறுநாள் அம்மா கிங்ஸ் சர்க்கிள் கடைவீதிக்குப் போய் ஒரு பை நேந்திரங்காய் வாங்கிவந்தாள். தோல் சீவி, மெல்லிசாக நறுக்கி, மொட்டைமாடியில் காயப்போட்டாள். காக்காய் ஓட்டுவது என் உத்தியோகம். காய்ந்ததை இடித்து, துணியில் சலித்து, வெல்லம் சேர்த்துக் கஞ்சி காய்ச்சினாள். எங்கள் பாலக்காட்டுப் பக்கத்தில் முக்கால்வாசிப் பேர் அந்தக் கஞ்சியில் வளர்ந்தவர்கள்தான்.

மிச்சப் பொடியை அம்மா அத்திம்பேரின் டப்பாவில் கொட்டி மூடினாள். அதில் முன்னால் இருந்த சீமை மாவை ஒரு கிண்ணத்தில் போட்டு என்னிடம் கொடுத்து, "வாயைத் திறக்கப்படாதுடி" என்றாள். எப்படித் திறப்பேன்? அந்த மாவை அள்ளிப் போட்டுக்கொண்டால் நாக்கு அண்ணத்தோடு ஒட்டிக்கொள்ளும். ஆனால் என்ன ருசி!

மாதாமாதம் புது டப்பா வந்தது. மாவு எனக்கு, பேர் டப்பாவுக்கு, சதை தங்கைக்கு. அத்திம்பேர் அவளைத் தூக்கித் தூக்கிப் பார்த்து, "பாத்தியா, சீமைச் சரக்கு!" என்று பூரித்துப்போவார். அப்பா உடனே செய்தித்தாளைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொள்வார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்திம்பேர் தனியாக வந்தார். முகம் வாடியிருந்தது. காப்பி வேண்டாம் என்றார். தங்கையை மடியில் வைத்துக்கொண்டு அவள் கைகாலைப் பிடித்துப் பிடித்துப் பார்த்தார்.

"நீ எப்படிக் கரைக்கறே? அந்த டப்பாவைக் கொண்டா, பாப்போம்" என்றார் அம்மாவிடம்.

அப்பா செய்தித்தாளுக்குப் பின்னால் போய்விட்டார். அம்மா டப்பாவைக் கொண்டுவந்து வைத்துவிட்டுக் கதவோரம் நின்றாள்.

அத்திம்பேர் மூடியைத் திறந்தார். மோந்து பார்த்தார். ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். நான் பிள்ளையாரை வேண்டிக்கொண்டேன். அவர் திட்டவில்லை. மூடியை அழுத்தி மூடினார்.

"காட்கோபர்லே பொண்ணாத்திலே பேத்திக்குப் பத்து நாளா வயிறு சரியில்லே. இந்த டப்பாவை எடுத்துண்டு போறேன்" என்றார்.

"வெந்நீர்லே கரைச்சாப் போறாது, அண்ணா. கொதிக்கக் கொதிக்கக் கிளறணும்" என்றாள் அம்மா மெதுவாக.

"தெரியும்" என்றார் அத்திம்பேர்.

அந்த மாதத்துக்காகக் கொண்டுவந்த புது டப்பாவை மேஜையில் வைத்துவிட்டு, பழசை மேல்துண்டில் சுற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கிளம்பினார்.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மூடி பிரிக்காத புது டப்பாவை விட்டுவிட்டு எவனாவது பழசைக் கொண்டுபோவானா? இந்த அசட்டையா ஊரே கெட்டிக்காரர் என்கிறது? நன்றாக ஏமாந்தார் என்று சொல்ல அம்மாவைத் தேடினேன். அவள் வாசலில் நின்று, ரயிலுக்கு ஓடும் அத்திம்பேரின் முதுகைப் பார்த்துக் கைகூப்பிக்கொண்டிருந்தாள். ஏமாந்தவரைப் போய் எதற்குக் கும்பிடுகிறாள் என்று எனக்குப் புரியவே இல்லை.