மோதகம் பிடிக்கும் மணிக்கூடு

1986 பங்குனியில் ஜேர்மனியிலிருந்து வந்த பொதியில் நாலு சவர்க்காரக் கட்டி, ஒரு கம்பளிச் சால்வை, உள்ளங்கையளவு மணிக்கூடு ஒன்று இருந்தன. சால்வை நயினாதீவு வெயிலுக்கு எதற்கும் உதவவில்லை. மணிக்கூட்டுக்காகத்தான் பர்வதவர்த்தினி தம்பிக்கு மூன்று கடிதம் எழுதியிருந்தார்.

அவருடைய கணவர் வாமதேவ ஐயர், தீவின் மேற்குக் கரையில் உள்ள ஒரு சிறிய பிள்ளையார் கோயிலில் பூசை செய்தார். சகோதரர்கள் மூவர், பூசையும் மூவருக்கும் முறை வைத்துத்தான். ஆனி மாதத்துப் பத்து நாள் திருவிழா மூன்று வருடத்துக்கு ஒரு தடவை ஒருவர் கைக்கு வரும். கடந்த முறை, நாலாம் திருவிழாவன்று ஐயர் அயர்ந்து தூங்கிவிட்டார். கோயில் மனேச்சர் வைத்திலிங்கம் நேரில் வந்து கதவைத் தட்டினார். அயலெல்லாம் வாசல் படலையில் வந்து நின்றது.

"ஐயா, இன்னொருக்கால் இப்பிடி நடந்தால் திருவிழாவை உங்கடை தம்பியிட்டைக் குடுத்திடுவம். பிறகு குறை நினைக்கக்கூடாது."

அதன்பின் மகள் விமலாம்பிகை தகப்பனை எழுப்பிவந்தாள். அவளும் கல்யாணமாகி இணுவிலுக்குப் போய்விட்டாள். எஞ்சிய இருவருக்கும் தூக்கம் ஒரே தரம்; இடி விழுந்தாலும் மறுநாள்தான் தெரியவரும். வீட்டில் இருந்த பழைய சாவி மணிக்கூட்டை உப்புக் காற்று தின்றுவிட்டது. புதிது வாங்கக் கையில் காசில்லை. இரவல் கேட்கலாம். ஆனால் காலையில் கேட்டால் மத்தியானத்துக்குள் மனேச்சருக்குத் தெரிந்துவிடும். இந்த ஆனியில் ஐயர் மறுபடியும் தூங்கினால் முறை போய்விடும். கைவிட்டுப் போன முறை எந்தக் கோயிலிலும் திரும்பி வந்ததில்லை.

பர்வதவர்த்தினிக்கு அப்போது நாற்பத்தாறு வயது. ஒல்லியான, வேகமான மனுஷி. பேப்பரைக் கடைசிப் பக்கத்திலிருந்து வாசிப்பார். வள்ளத்தால் இறங்கும் எவரையும் இரண்டு கேள்வி கேட்காமல் விடமாட்டார். தாயம் விளையாட அவரோடு உட்கார அயலில் ஆளில்லை. எல்லோரும் தோற்றுக் களைத்துவிட்டார்கள்.

ஜேர்மன் மணிக்கூடு நாலு மணிக்குச் சொன்னபடி கூவியது. ஐயர் எழும்பினார். ஒரு கிழமை கழித்து, தூசி துடைக்கும்போது பர்வதவர்த்தினியின் விரல் ஏதோ பொத்தானில் பட்டது. நேரம் மறைந்தது. ஒரு குட்டி மனிதன் கூடையோடு தோன்றினான். நாலு சரிவுகளில் உருண்டைகள் உருண்டு வந்தன. அவற்றை அவன் ஏந்த வேண்டும். மூன்று விழுந்தால் ஆட்டம் முடிந்தது. அவை என்ன உருண்டைகள் என்று தம்பி எழுதவில்லை. பிள்ளையார் கோயில் வீட்டில் அவை மோதகமாகத்தான் இருக்க முடியும்.

முதல் நாள் முப்பது மோதகம். மூன்றாம் நாள் தொண்ணூறு. அந்தக் கிழமைக்குள் இருநூறு. வெறும் கைவேகம் போதாது என்பதைச் சீக்கிரமே கண்டுகொண்டார். நூறு தாண்டினால் உருண்டைகள் சற்று மெதுவாகும். அந்த நேரத்தில் விரலுக்கு ஓய்வு கொடுக்கலாம். மேல் சரிவில் வருவதைக் கண்டு பதறுவது வீண். கீழே வருவதை முதலில் ஏந்திவிட்டு மேலே ஓடினாலும் போதும். மத்தியானப் பூசைக்கு ஐயர் போனதும் குசினிக் கதவு சாத்தப்படும். உள்ளே "டிக், டிக்" என்று கேட்கும்.

அப்போதுதான் தம்பியின் அடுத்த கடிதம் வந்தது. "உள்ளே இரண்டு சின்னப் பற்றறி இருக்கு. மணிக்கூடாக மட்டும் வைத்திருந்தால் ஆறேழு மாதம் போகும். விளையாடினால் கெதியாய் முடியும். என்னட்டையும் இப்பிடி ஒன்று இருக்கு, அதில் என்னுடைய ஆகக் கூடிய கணக்கு 540."

விளையாடினால் ஐயரின் முறையில் கைவைத்ததாகும். விளையாடாவிட்டால் 540 என்ற இலக்கம் கண்ணுக்குள் நிற்கிறது. பர்வதவர்த்தினி விஷயம் தெரிந்தவரிடம் கேட்க முடிவு செய்தார்.

எதிர்க்கரைக் குறிகட்டுவானுக்கு மோட்டர் வள்ளம் ஓட்டிய சவிரிமுத்து ஊர்காவற்றுறைக்காரன். பதினொரு வருடம் வெள்ளைக்காரப் பயணிக் கப்பலில் பரிமாறும் வேலை பார்த்தவன். அந்தக் கப்பலில் சூதாட்ட மண்டபம் ஒன்று இருந்தது தீவு முழுவதற்கும் தெரியும், அவனே சொல்லியிருந்தான். மகளைப் பார்க்கப் போகிற சாக்கில் பர்வதவர்த்தினி வள்ளத்தின் பின்பக்கம், அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"சவிரிமுத்து, அந்தக் கப்பலிலை சூதாடி வெண்டவை ஆரும் இருக்கினமோ?"

அவன் சுக்கானைக் கைவிடப் பார்த்தான். "ஐயரம்மா! உங்களுக்கு ஏன் இந்தக் கதை?"

"பொது அறிவு. சொல்லுமன்."

"வெண்டவை இருக்கினம். ஆனால் வெண்டுபோட்டு எழும்பிப் போனவை குறைவு. ஒரு கிழவி இருந்தவ அம்மா, நெதர்லாந்துக்காரி. மேசைக்கு வர முதலே இண்டைக்கு இவ்வளவுதான் தோற்பன் எண்டு ஒரு சின்னப் பையிலை போட்டுக்கொண்டு வருவா. பை முடிஞ்சால் எழும்பிடுவா. வெண்டாலும் அதே நேரத்துக்கு எழும்பிடுவா. அவவை மட்டும் ஒருத்தராலும் கவிழ்க்க ஏலாமல் போச்சு."

"மற்றவை?"

"விட்டதைப் பிடிக்கப் போறவை. அவையாலைதான் கப்பலே ஓடினது."

பர்வதவர்த்தினி அன்றே பையைத் தைத்துவிட்டார், மனதுக்குள். திருவிழா முடிந்தும் இரண்டு மாதம் பற்றறி மிஞ்ச வேண்டும். அதற்கு நாளொன்றுக்கு மூன்று ஆட்டம். நல்ல ஆட்டமோ கெட்ட ஆட்டமோ, நாலாவது கிடையாது. ஒருநாள் மூன்றாவது ஆட்டத்தில் 498 எடுத்தார். 540க்கு நாற்பத்திரண்டுதான் குறைவு. மணிக்கூட்டைச் சுவாமிப் படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டு, வேண்டாத தேங்காய் ஒன்றைத் துருவினார். சித்திரை, வைகாசி முழுவதும் ஒரு நாளும் சொல் தவறவில்லை.

திருவிழா தொடங்கியது. ஐயர் நாலு நாளும் நேரத்துக்கு எழும்பினார். ஐந்தாம் நாள் மத்தியானம் பர்வதவர்த்தினி மணிக்கூட்டை எடுத்தார். இலக்கங்கள் கஞ்சித் தண்ணீர் போல வெளுத்திருந்தன.

அவர் கேட்டுக்கொண்டபடி சவிரிமுத்து மறுநாளே யாழ்ப்பாணம் போய், பற்றறி தேடிக் கடை கடையாக ஏறி இறங்கினான். கையை விரித்துக்கொண்டு வந்தான்.

"இந்த அளவு ஒருத்தரிட்டையும் இல்லை அம்மா. கொழும்பிலை இருந்து வரவேணுமாம். பாதை இருக்கிற இருப்பிலை எப்ப வருமெண்டு கடைக்காரனுக்கே தெரியாது." பிறகு, கொண்டுவந்த தபாலை நீட்டினான். "இதையும் பிடியுங்கோ."

தம்பிதான். "அக்கா, 498 எண்டு எழுதியிருக்கிறாய். தாயத்திலையே நீ கள்ளக் கணக்கு. இடப்பக்கப் பொத்தானை அமத்திப் பிடி. இதுவரை எடுத்த ஆகக் கூடிய கணக்கு தானாக வரும். அதை எழுது."

கோபத்தோடு பொத்தானை அமத்தினார். வெளுத்த திரையில் வந்தது: 611.

பர்வதவர்த்தினி இலக்கத்தை இன்னொரு தரம் வாசித்தார். பிறகு கடகடவென்று சிரித்தார். அவர் போட்ட பற்றறிக் கணக்கு பிழைக்கவில்லை. மேசையில் இன்னொரு ஆள் இருந்திருக்கிறார்.

ஐயர் சாப்பிட உட்கார்ந்தார். பர்வதவர்த்தினி சோறு போட்டார், பருப்பு விட்டார், அப்பளம் வைத்தார்.

"இஞ்சருங்கோ, 611 எண்டால் என்ன?"

ஐயரின் கை அப்பளத்தில் நின்றது. "அது... ஏதும் மந்திரக் கணக்கோ?"

"மோதகக் கணக்கு."

"நீர் எப்பிடி..." என்று தொடங்கிய ஐயர் சட்டென்று நிமிர்ந்தார். "நீரும் விளையாடுறனீரோ?"

"நாளுக்கு மூண்டு. அதுக்கு மேலை தொட்டதில்லை. நீங்கள்?"

"விடியப்புறம் நாலுக்கு அடிக்கும். அதை நிப்பாட்டேக்கை ஒண்டு. குளிச்சுப்போட்டு வந்து ஒண்டு. பிறகு..." அவர் குரல் இறங்கியது, "...எண்ணினதில்லை."

"நல்லாயிருக்கு! நான் இஞ்சை பை தைச்சு வைச்சு விளையாட, நீங்கள் பையின்ரை அடியிலை ஓட்டை போட்டிருக்கிறியள்."

"பையை விட்டுத்தள்ளும். பற்றறி எப்பிடி?"

இலக்கம் வெளுத்ததையும் கடையில் கிடைக்காததையும் பர்வதவர்த்தினி சொன்னார். ஐயர் இடக்கை விரலை மடித்து எண்ணினார். இன்னும் நாலு விடியற்காலைகள் இருந்தன. ஒன்பதாம் நாள் தேர், பத்தாம் நாள் தீர்த்தம். மனேச்சர் ஏற்கெனவே தினமும் பூசை தொடங்கும் நேரத்தைத் தன் கைக்கடிகாரத்தில் பார்த்துக்கொண்டிருந்தார்.

வழி கண்டுபிடித்தவர் பர்வதவர்த்தினி. பற்றறிகளை வெளியே கழற்றினார். பகலில் மணிக்கூட்டுக்கு வேலையில்லை. அது செத்தே கிடக்கட்டும். பொழுதுபட்ட பின் பூட்டி, றேடியோச் செய்திக்கு முன் வரும் நேரத்துக்குச் சரிபார்த்து, நாலு மணிக்கு வைத்தால் போதும்.

"கழற்றினால் என்ரை 611 அழிஞ்சிடுமே!"

"முறை வேணுமோ, 611 வேணுமோ?"

ஐயர் பெருமூச்சு விட்டார். ஒருவரை ஒருவர் நம்பவும் முடியாதே. ஆகவே மணிக்கூடு ஐயரின் பெட்டகத்துக்குப் போனது. பற்றறிகள் பர்வதவர்த்தினியின் சேலைத் தலைப்பில் முடிச்சாகின. ஒருவர் இல்லாமல் மற்றவரால் ஒரு மோதகமும் பிடிக்க முடியாது.

ஏழாம் நாள் அடித்தது. எட்டாம் நாள் அடித்தது. தேரன்று குரல் கம்மியது. தீர்த்தத்தன்று காதோரம் நுளம்பு பாடியதுபோல் மெல்லியதாக ஒரு சத்தம். ஆனால் இருவரும் ஆளுக்கொரு காதை அதன்மேல் வைத்துப் படுத்திருந்தார்கள். மனேச்சர் வைத்திலிங்கம் கொட்டாவி விட்டபடி கோயிலுக்கு வந்தபோது ஐயர் ஈரத் தலையோடு வாசலில் நின்றார்.

"என்ன மனேச்சர், நித்திரை வந்திட்டுதோ?"

வைத்திலிங்கம் கடிகாரத்தைப் பார்த்தார். காதில் வைத்தும் பார்த்தார். "நான் ஏதும் பறையேல்லை ஐயா. அடுத்த முறையும் நீங்கள்தான்."

கொடி இறங்கியது. மறுநாள் பூசை ஐயரின் தம்பியார் கைக்கு மாறியது. பிற்பகலில் பர்வதவர்த்தினி முடிச்சை அவிழ்த்தார். ஐயர் பெட்டகத்தைத் திறந்தார். மிஞ்சிய பற்றறிக்கு இனி வேறு வேலை இல்லை. ஒரே ஒரு ஆட்டம்.

"நீர் விளையாடும். உம்மடை பங்கை நான்தானே திண்டனான்."

முந்நூறு தாண்டியது. ஐந்நூறு தாண்டியது. ஒன்றும் விழவில்லை. 540ஐத் தாண்டியபோது ஐயர் "பிள்ளையாரே!" என்று கத்தினார். அதன்பின் திரை வெளுத்தது, கூடை மறைந்தது, இலக்கமும் மறைந்தது. ஆனால் ஒவ்வொரு சரிவுக்கும் ஒவ்வொரு ஓசை இருந்தது. பர்வதவர்த்தினி கண்ணை மூடிக்கொண்டு காதால் பிடித்தார். ஐயர் மூச்சு விடாமல் இருந்தார். கடைசியில் ஓசையும் நின்றது.

"எத்தினை?" என்று பர்வதவர்த்தினி கண்ணைத் திறந்தார்.

"ஆர் கண்டது? ஆயிரம் எண்டு எழுதும்."

"பூசை செய்யிற ஐயர் சொல்லுற கதையோ இது?"

அன்று மாலையே கடிதம் போனது. "தம்பி, 540 ஐத் தாண்டினதுக்கு அத்தார் சாட்சி. அதுக்கு மேலை எவ்வளவு எண்டு தெரியாது, மணிக்கூடு செத்துப்போச்சு. அத்தார் பத்து நாளும் நேரத்துக்கு எழும்பினவர், முறையும் எங்களோடைதான். பற்றறி இரண்டு சோடி அனுப்பு. ஒண்டு எழும்ப."