என் வாரம் வந்தால் மட்டும் வழுக்கிய கிக்கர்

காலுக்கு எதுவுமே தட்டுப்படாது. அதுதான் முதலில் நினைவுக்கு வருகிறது…

கிக்கரை ஓங்கி மிதித்தால் எஞ்சின் எதிர்த்து நிற்க வேண்டும். இது, இல்லாத படியில் கால் வைத்த மாதிரி சட்டென்று கீழே இறங்கிவிடும். சாரலில் நனைந்த செருப்பு வேறு. கெண்டைக்காலில் கிக்கர் வந்து அடிக்கும்.

தென்காசியில் நான் கணக்கு ஆசிரியராகச் சேர்ந்த புதிது. நானும் ஓவிய ஆசிரியர் சுடலைமுத்து அண்ணாச்சியும் சேர்ந்து ஒரு பழைய மோட்டார் சைக்கிள் வாங்கியிருந்தோம். அப்போதே அதற்கு இருபது வயதுக்கு மேல். ஒரு வாரம் அவருக்கு, ஒரு வாரம் எனக்கு. திங்கட்கிழமை காலையில் பள்ளியில் வைத்துச் சாவி கைமாறும்.

குழப்பம் இதுதான். அவர் வாரத்தில் வண்டி ஒழுங்காக ஓடும். சாவி என் கைக்கு வந்த திங்கட்கிழமை சாயங்காலமே நான் மிதித்தால் வழுக்கும்.

மெக்கானிக் மைதீன் பாயிடம் தள்ளிக்கொண்டு போனேன். கிக்கரின் பல் தேய்ந்திருக்கும் என்று பக்கவாட்டு மூடியைக் கழற்றிப் புதிதாக மாற்றினார். ஒரே மிதி, வண்டி பிடித்துக்கொண்டது. அந்த வாரம் முழுக்க ஒரு தொல்லையும் இல்லை. அண்ணாச்சி வாரம் முடிந்து என் கைக்கு வந்தது… மறுபடியும் வழுக்கல்.

இரண்டாம் முறை ஸ்பிரிங்கை மாற்றினார். அதே கதை.

மூன்றாம் முறை பாய் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"பல்லு புதுசு, ஸ்பிரிங் புதுசு. இனி உங்களத்தான் சார் மாத்தணும்."

சொல்லிக்கொண்டே இடது கைப்பிடியில் இருந்த கிளட்ச் லிவரை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். லிவரிலிருந்து போகும் கிளட்ச் கம்பி விறைப்பாக இருந்தது. லிவருக்குப் பக்கத்தில், அந்தக் கம்பியை இறுக்கவும் தளர்த்தவும், கையாலேயே திருகுகிற ஒரு மரை உண்டு. அதை யாரோ நன்றாக இறுக்கியிருக்கிறார்கள்.

வகுப்பில் சொல்வதுபோல் சொல்கிறேன். இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து அழுத்தி ஒரு கையைத் திருப்புங்கள். மற்றதும் கூடவே திரும்பும். அழுத்தத்தைக் குறைத்தால் ஒன்று மட்டும் வழுக்கிக்கொண்டு போகும். கிளட்ச் தட்டுகளும் அப்படித்தான். கம்பியை அதிகமாக இறுக்கினால் தட்டுகள் முழுதாகச் சேராது. கிக்கர் சுற்றும், எஞ்சின் சுற்றாது. ஒவ்வொரு முறை மூடியைக் கழற்றி மாட்டும்போதும் பாய் பழக்கதோஷத்தில் கம்பியைச் சரியாக வைத்துக் கொடுத்திருக்கிறார். அதனால்தான் ஒரு வாரம் ஓடியிருக்கிறது.

சரி, இறுக்கியது யார்?

மறுநாள் ஆசிரியர் அறையில் எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டேன். "அண்ணாச்சி, கிளட்சை நீங்க திருகுதியளா?"

அண்ணாச்சி நிமிரவே இல்லை. "அதுல எங்கன என்ன இருக்குன்னே எனக்குத் தெரியாது, வே."

பொய் சொல்கிற மனிதர் இல்லை அவர். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

அடுத்தது அவருடைய வாரம். சனிக்கிழமை, சீசன் நேரம். குற்றாலத்துக்குக் குளிக்கப் போனோம். அவர் ஓட்டினார், நான் பின்னால். அருவிக்கு முன்னால் வண்டிகள் முட்டிக்கொண்டு நின்றன. நகர்வதும் நிற்பதுமாக ஊர்ந்தோம். ஒவ்வொரு முறையும் அவர் கிளட்ச் பிடிப்பதைத் தோளுக்கு மேலாகப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

இடது கை விரல்கள் மடங்கவில்லை. ஆரஞ்சுப் பழத்தைப் பிடித்திருப்பவர் கைபோல பாதியிலேயே நின்றன. லிவரை முழுதாக அமுக்க முடியாதவருக்குப் பாதி அமுக்கினாலே கிளட்ச் தட்டுகள் பிரிய வேண்டும். அதற்காகத்தான் இறுக்கியிருக்கிறார்…

அண்ணாச்சி இடது கைக்காரர். கரும்பலகையில் அவர் படம் வரைவதும் அந்தக் கையால்தான்.

வண்டியை நிறுத்தியதும் நான் அந்தக் கையைப் பார்ப்பதை அவர் பார்த்துவிட்டார். துண்டை எடுத்து அதன்மேல் போட்டுக்கொண்டார்.

"மிதிச்சு ஸ்டார்ட் பண்ணிட்டுத்தான் இறுக்குதேன். உம்ம கையில தரும்போது தளத்த மறந்துருதேன்." துண்டின் நுனியை இழுத்துவிட்டுக்கொண்டார். பிறகு, "ஸ்கூல்ல சொல்லிராதீரும். படம் வரையுத கை இது."

டாக்டரிடம் காட்டினீர்களா என்று கேட்டேன். அவர் அருவிப் பக்கம் நடந்துவிட்டார்.

நான் யாரிடமும் சொல்லவில்லை. அவர் வாரங்களில், பள்ளி விட்டதும் நானே மரையைத் தளர்த்தி, வண்டியை மிதித்து, மறுபடி இறுக்கி, ஓடுகிற வண்டியாக அவரிடம் கொடுப்பேன். அவர் ஏறிப் போவார். வழுக்கி வழுக்கிக் கிளட்ச் தட்டுகள் கருகின. நான்தான் லிவரைப் பிடித்தபடியே ஓட்டுகிறேன் என்று பாயிடம் சொன்னேன். கணக்கு வாத்தியாருக்கு இன்னும் வண்டி ஓட்ட வரவில்லை என்று அவர் பட்டறை பூராவும் சொல்லிச் சிரித்தார்.

இரண்டு வருடத்தில் அண்ணாச்சிக்குத் திருவேங்கடம் ஊர்ப் பக்கம் மாறுதல் வந்தது.

நான் செய்தது உதவிதானா? தலைமையாசிரியரிடம் சொல்லியிருந்தால் அண்ணாச்சி கோபப்பட்டிருப்பார்… ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பாரோ? இத்தனை வருடத்துக்குப் பிறகும் விடை வரவில்லை. கணக்கு வாத்தியார் இப்படிச் சொல்லக் கூடாதுதான்.

இப்போது என்னிடம் இருப்பது பொத்தானை அமுக்கினால் கிளம்புகிற ஸ்கூட்டர். கிளட்ச்சும் கிடையாது. அண்ணாச்சி பொங்கலுக்குப் பொங்கல் வாட்ஸ்அப்பில் ஒரு படம் வரைந்து அனுப்புகிறார். இந்த வருடம் ஐந்தருவி. இடது கைக்காரர் போடும் கோடுகள் ஒரு பக்கம் சாயும், வலது கைக்காரர் போடுவது மறுபக்கம் சாயும் என்பார்கள். பெரிதாக்கிப் பார்த்தேன். தண்ணீர் எல்லாம் நேராக விழுகிறது… எந்தக் கையால் வரைந்தது என்று சொல்ல முடியவில்லை.

கேட்டுவிடலாம், ஒரு போன்தான். கேட்கவில்லை.

அப்போது ஓடுகிற வண்டியைக் கையில் கொடுக்க முடிந்தது. இந்தப் பொங்கலுக்குக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டும் வாட்ஸ்அப் படம் ஒன்றைத்தான் பதிலாக அனுப்பினேன்.