மண்ணுளிக் குட்டிக்கு ஊற்றிய பால்

அந்தப் பாம்புக் குட்டியைக் கொன்றவன் நான். அடித்துக் கொல்லவில்லை, பால் ஊற்றிக் கொன்றேன். பாம்பு பால் குடிக்கிற பிராணி அல்ல என்பது எனக்குத் தெரியும். வேதியியலில் எம்.எஸ்ஸி. படித்தவன், தெரிந்தேதான் ஊற்றினேன். அதற்குப் பிறகு மூன்று மாதம் அதை வளர்த்தவரிடம் பொய் சொல்லிக்கொண்டிருந்தேன்.

எழுபதுகளின் பிற்பாதி. வளைகுடாவில், அமீரகத்தைச் சேர்ந்த ராஸ் அல் கைமாவில் ஒரு சிமெண்ட் தொழிற்சாலையின் லேபில் எனக்கு வேலை. மனைவியும் உடன் இருந்தாள். குவாரியிலிருந்து கல் ஏற்றிவரும் டம்பர் லாரிகளில் ஒன்றை ஓட்டியவர் முதுகுளத்தூர் பக்கத்துக்காரர், லீவு ஃபாரம் நிரப்ப என்னிடம்தான் வருவார். மணல் வாரும்போது கிடைத்தது என்று ஒரு மண்ணுளிக் குட்டியைக் காலிப் பால்மாவு டப்பாவில் மணல் போட்டு வளர்த்துவந்தார். பென்சில் கனம், ஒரு சாண் நீளம். விஷம் கிடையாது. அந்த ஊர் மண்ணுளிக்குக் கண் இரண்டும் தலை உச்சியில் இருக்கும். உடம்பைப் புதைத்துக்கொண்டு கண்ணை மட்டும் வெளியே வைத்து நம்மைப் பார்க்கும்போது யாருக்கும் சிரிப்பு வரும். அவர் அதை ‘நம்ம பய’ என்றுதான் சொல்லுவார்.

“ரூம்ல ஏற்கனவே எட்டுப் பேரு. ஒம்பதாவது ஆளுக்குக் கட்டில் எங்கண்ணே இருக்கு?” என்று தொழிலாளர் கேம்ப்பில் கேலி செய்வார்கள். அவருக்கு ஓமானில் சோஹார் பக்கம் பத்து நாள் டூட்டி விழுந்ததும், “நீங்க போங்கண்ணே, நாங்க பாத்துக்கிறோம்” என்று ஒரு மாதிரியாகச் சிரித்திருக்கிறார்கள். அவர் டப்பாவோடு என் குவார்ட்டர்ஸுக்கு வந்துவிட்டார்.

“நீங்க படிச்சவங்க சார், உங்ககிட்டன்னா கவலை இல்ல. மூடியில கொஞ்சம் தண்ணி வைங்க, போதும். நேத்துதான் ஒரு பல்லி தின்னுச்சு, நான் வார வரைக்கும் பசிக்காது. ஏசி முன்னால வச்சிராதீங்க.”

“ஓடிப்போச்சுன்னா?”

“எங்க சார் ஓடும்? பாஸ்போர்ட்டு கம்பெனிகிட்டல்ல இருக்கு.”

எங்களுக்குக் கல்யாணமாகி ஆறு வருஷம், பிள்ளை இல்லை. நாகதோஷம் என்று ஜோசியர் சொல்லியிருந்தார். மாமியார் ஒவ்வொரு கடிதத்திலும் புற்றுக்குப் பால் விடச் சொல்லி எழுதுவார். அந்த ஊரில் புற்றுக்கு எங்கே போவது? இப்போது உயிருள்ள பாம்பே வீட்டுக்குள் வந்திருந்தது.

“இது நாகமில்லை, மண்ணுளி” என்றேன்.

“பாம்புதானே. வெள்ளிக்கிழமை ஒரு வாய் குடிச்சா போதுங்க” என்றாள் மனைவி.

அவள் கேட்டது அவ்வளவுதான். மற்றதெல்லாம் என் யோசனை. பாம்பைத் தாகத்தில் காயப்போட்டால் எதை வைத்தாலும் குடிக்கும் என்று எங்கோ படித்திருந்தேன். புதன்கிழமை காலையில் தண்ணீர் மூடியை எடுத்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை எனக்கு லீவு, அவளுக்கு விரதம். தலைக்குக் குளித்துவிட்டு, பால்மாவைக் கரைத்துக் காய்ச்சி ஆற்றி, மஞ்சள் பொட்டு வைத்த மூடியில் ஊற்றினாள். குட்டி வந்து வாயை நனைத்தது. உடனே பின்வாங்கியது, மறுபடி வரவில்லை. அவள் கண்ணை மூடி, கூப்பிய கையை இறக்காமல் உட்கார்ந்திருந்தாள். அந்த முகத்தைப் பார்க்க மாட்டாமல், லேபிலிருந்து கொண்டுவந்து வைத்திருந்த டிராப்பரை எடுத்தேன். குட்டியின் தலையைப் பிடித்து வாயோரத்தில் நுழைத்து அழுத்தினேன். நாலைந்து சொட்டு உள்ளே போயிற்று.

“குடிச்சிடுச்சு” என்றேன். அவள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

அரை மணிக்குள் குட்டி தலையை அண்ணாந்து தூக்கிக்கொண்டது. வாய் மூடவில்லை. மூக்கோரத்தில் வெள்ளைக் குமிழ் ஒன்று வந்து உடைந்தது, பிறகு இன்னொன்று. மணலுக்குள் போகவேயில்லை. மண்ணுளி மணலுக்கு மேலே கிடக்கிறதென்றால் அதற்கு ஆபத்து என்பது எனக்குப் புரிந்தது.

டவுனில் ஒரு கால்நடை மருத்துவர் இருந்தார், பாகிஸ்தான்காரர். டாக்ஸி பிடித்து அவர் வீட்டுக்குப் போனேன். அப்போதுதான் ஜும்மா தொழுகையிலிருந்து வந்திருந்தார். என் அரைகுறை ஹிந்தியில்தான் பேச்சு.

“நான் ஆட்டுக்கும் ஒட்டகத்துக்கும் வைத்தியன், பாய். இருந்தாலும் பார்க்கிறேன்” என்று கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். “தொண்டையில் ஏதாவது போயிற்றா? என்ன கொடுத்தீர்கள்?”

பாம்புக்குப் பால் ஊற்றினேன் என்று இன்னொரு படித்த மனிதரிடம் சொல்ல வெட்கமாக இருந்தது.

“ஒன்றும் கொடுக்கவில்லை. ஏசி குளிரில் இருந்துவிட்டது” என்றேன்.

“அப்படியானால் குளிர்தான். வெதுவெதுப்பாக வையுங்கள், தொட வேண்டாம். மூச்சில் ஏதாவது போயிருந்தால் தலையைக் கீழே சாய்த்து வடிக்கலாம். நீங்கள்தான் இல்லை என்கிறீர்களே.”

அப்போதாவது சொல்லியிருக்கலாம். நன்றி சொல்லிவிட்டு வந்தேன். டாக்ஸியில் நானே குட்டியின் தலையைக் கீழே சாய்த்துப் பார்த்தேன். எவ்வளவு அழுத்திப் பிடிப்பது என்று தெரியவில்லை. மறுநாள் மதியம் சாப்பாட்டுக்கு வந்தபோது அசைவில்லை. கண் திறந்தே இருந்தது. பாம்புக்கு இமை கிடையாது.

மனைவியிடம் சொன்னதைப் போலவே, டிரைவர் சோஹாரிலிருந்து வந்ததும் அவரிடமும், “குளிர் ஒத்துக்கல போலிருக்கு” என்றேன்.

காலி டப்பாவைக் கையில் வாங்கிக்கொண்டார். “இல்ல சார். போறதுக்கு முந்தின நாளு பெரிய பல்லியாப் போட்டுட்டேன். அதுதான் அடைச்சிருக்கும். நீங்க என்ன செய்வீங்க” என்றார். நான் மறுக்கவில்லை.

மூன்று மாதம் கழித்து என் மனைவி உண்டாகியிருப்பது உறுதியாயிற்று. நாகர் கண் திறந்துவிட்டார் என்று மாமியார் எழுதினார். மனைவி ரவா லட்டு பிடித்து, “முதல்ல அந்த டிரைவருக்குக் குடுங்க. அவரு பாம்புதானே குடிச்சுது” என்றாள்.

எடைமேடைக்குப் பக்கத்தில் டம்பரை நிறுத்திவிட்டு நின்றிருந்தார். சங்கதியைச் சொல்லி லட்டுவைக் கொடுத்தேன். “ரொம்பச் சந்தோசம் சார்” என்று வாங்கியவர், “நம்ம பய இருந்திருந்தா இந்நேரம் ஒரு முழம் வளந்திருப்பான். நாந்தான் அவசரப்பட்டு அந்தப் பல்லிய…” என்று ஆரம்பித்தார்.

அதற்கு மேல் கேட்டுக்கொண்டு நிற்க முடியவில்லை. தண்ணீரை எடுத்தது, டிராப்பர், டாக்டரிடம் சொன்ன பொய் எல்லாவற்றையும் சொன்னேன்.

“எத்தனை நாள் சார் தண்ணி வைக்கல?”

“ரெண்டு நாள்.”

“எதுக்குத் தண்ணி இல்லன்னு அதுக்குத் தெரியாதே சார்.”

லட்டுவை வண்டிக்குள், ஸ்டியரிங்குக்கு முன்னால் வைத்தார். ஏறி உட்கார்ந்த பிறகு, “அம்மாகிட்ட இதைச் சொல்லிறாதீங்க. பிள்ளத்தாச்சி” என்றார்.

அதன்பின் வந்த வெள்ளிக்கிழமைகளில் லேப் சல்லடையை எடுத்துக்கொண்டு மணலில் அலைந்தேன். ஐந்தாவது வாரம் ஒரு குட்டி அகப்பட்டது. பெரிய கண்ணாடித் தொட்டியில் மணல் பரப்பி, தண்ணீர் மூடி வைத்து, கேம்ப்புக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் வெகுநேரம் குனிந்து பார்த்தார். “இது நல்லாருக்கு சார்” என்றார். அன்று சாயங்காலமே அதைக் கேம்ப்புக்குப் பின்னால் மணலில் விட்டுவிட்டாராம். மறுநாள் தொட்டியைக் கழுவித் துடைத்து, பழைய பேப்பரில் சுற்றி, லேபில் கொண்டுவந்து வைத்தார். எனக்கு எப்போதும் போல வணக்கம் சொன்னார். ஆனால் அடுத்த தடவை லீவு ஃபாரம் நிரப்ப என்னிடம் வரவில்லை. வேறு யாரிடமோ போனார். அதற்கடுத்த வருஷம் ஒரேயடியாக ஊருக்குப் போய்விட்டார்.

அவர் கேட்டுக்கொண்டபடி மனைவியிடம் நான் சொல்லவில்லை. பாம்பு தானாகக் குடித்ததாகவே மகளுக்கும் பேத்திக்கும் அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். போன வருஷம் அவள் போய்விட்டாள். அதனால்தான் இப்போது எழுதுகிறேன்.