மூன்றாவது அம்புக்குறி

வேலைகளை ஒரு நோட்டில் எழுதி வைத்தால் மனம் லேசாகிவிடும் என்று யாராவது அறிவுரை சொன்னால் எனக்கு இன்றும் சுர்ரென்று கோபம் ஏறும். லேசாகும்தான், நான் மறுக்கவில்லை. கோபம் வந்தாலும் எதிர்த்துப் பேச வாய் வராது. ஒரு காலத்தில் எங்கள் வீட்டு நோட்டின் பெருமையை அக்கம்பக்கத்தில் அளந்து கொண்டிருந்தவளே நான்தான்.

தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் ஜீவனஹள்ளியில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தோம். என் கணவர் பொம்மசந்திராவில் வால்வு செய்யும் தொழிற்சாலை ஒன்றில் தரம் பார்க்கும் பிரிவில் சூப்பர்வைசர். காலையில் கம்பெனி பஸ்ஸைப் பிடித்தால் இருட்டிய பிறகுதான் வருவார். நான் அல்சூரில் ஒரு டிராவல் ஏஜென்சியில் டிக்கெட் பதிவு செய்யும் வேலையில் இருந்தேன். எங்கள் மகளுக்கு மூன்று வயது நடந்துகொண்டிருந்தது. காலையில் அவளைத் தெருமுனை நர்சரியில் விட்டுவிட்டுப் போவேன். அதை நடத்திய கன்னடக்கார ஆன்ட்டி சாயங்காலம் வரை பார்த்துக்கொள்வார்.

அப்போது என் கணவரின் தொழிற்சாலையில் புதிதாக ஒரு பயிற்சி நடந்தது. வெளியிலிருந்து ஆட்கள் வந்து, எந்த வேலையையும் மனதில் வைத்துக்கொள்ளக் கூடாது, பலகையில் எழுத வேண்டும், யார் செய்வது, எப்போது முடிப்பது என்று கட்டம் போட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார்கள். மனுஷர் சொக்கிப்போய் வந்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே அட்டை போட்ட நீள நோட்டு ஒன்றை வாங்கி, ஸ்கேலும் சிவப்புப் பேனாவுமாகத் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"இது என்னா, வீட்டையும் ஃபேக்டரி ஆக்கப் போறீங்களா?" என்று கேட்டேன்.

"சிரிக்காத. கேஸ் புக் பண்ண மறந்து போன வாரம் ஸ்டவ்ல மண்ணெண்ண ஊத்திக்கிட்டு அழுதது யாரு?"

அழுதது நான்தான். அதனால் நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

ஒரு வாரத்துக்கு ஒரு பக்கம். முடிந்த வேலைக்கு டிக். முடியாததற்குப் பக்கத்தில் ஓர் அம்புக்குறி போட்டு, அடுத்த வாரத்துப் பக்கத்தில் மறுபடி எழுத வேண்டும். மூன்றாவது அம்புக்குறி விழுந்துவிட்டால் அது வேலைப் பட்டியலை விட்டே போய்விடும். நோட்டின் கடைசிப் பக்கங்களில் 'யோசனைகள்' என்று தலைப்புப் போட்டிருந்தார். அங்கே எழுதி, சிவப்பில் ஒரு வட்டம் போட்டு மூடிவிடுவார்.

"மூணு வாட்டி தள்ளிப்போச்சுன்னா அது வேலையே இல்ல, சும்மா யோசனை. அத லிஸ்ட்ல வெச்சிருந்தா மத்த வேலையும் கெட்டுப்போகும்" என்பார். பயிற்சியில் சொன்னது அது.

சொல்லப்போனால் வீடு உருப்பட்டது. ரேஷன் கார்டில் பெயர் சேர்த்தோம். ஒழுகிக்கொண்டிருந்த தண்ணீர்த் தொட்டியை வீட்டுக்காரரைத் துரத்தித் துரத்திச் சரிசெய்ய வைத்தோம். ஞாயிற்றுக்கிழமை காலையில் தோசை சாப்பிட்டு முடித்ததும் இருவரும் நோட்டைப் பிரித்து உட்காருவது எனக்குப் பிடித்திருந்தது. வாரம் முழுவதும் முகம் பார்த்துப் பேச நேரமில்லாத புருஷனும் பெண்டாட்டியும் அந்த அரைமணி நேரம் பேசினோம். டிக் போடும்போது ஒரு அல்ப சந்தோஷம் வரும் பாருங்கள், அதற்கு நான் அடிமையாகிவிட்டேன். முடித்துவிட்ட வேலையைக்கூட மறுபடி எழுதி டிக் போட்டிருக்கிறேன்.

இதற்கு நடுவில் மகள் பேசவில்லை. ஏதேதோ சத்தம் போடுவாள், சிரிப்பாள், கையைப் பிடித்து இழுத்துத் தண்ணீர்ப் பானையைக் காட்டுவாள். அலமாரியில் ரேடியோ பாடினால் அதன் மேல் உள்ளங்கையை வைத்து அதிர்வைத் தொட்டுப் பார்ப்பாள். வார்த்தை வரவில்லை. யாரும் பயப்படவில்லை. வீட்டில் தமிழ், நர்சரியில் கன்னடமும் இங்கிலீஷும், பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு விளையாடினால் உருது. "நாலு பாஷய காதுல ஊத்துனா குழந்த எத எடுத்துப் பேசும்? முழிக்கத்தான் செய்யும்" என்று கீழ்வீட்டு அக்கா சிரித்தார். நர்சரி ஆன்ட்டியும், "டென்ஷன் பேடா ம்மா, மாத்து தானா பருத்தெ பிடி" என்றார். பேச்சு தானாக வந்துவிடும், கவலை வேண்டாம் என்று அர்த்தம். எங்கள் தெருவில் பாதிக் குழந்தைகள் தாமதமாகத்தான் பேசின. ஆகவே நாங்களும் நம்பினோம்.

எனக்கு மட்டும் ஏதோ உறுத்தியது. அவள் முதுகுப்பக்கம் நின்று நான் கூப்பிட்டால் சில நேரம் திரும்புவதில்லை. விளையாட்டு மும்முரம் என்று நினைத்தாலும் மனசு ஒப்பவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே பேனாவை வாங்கி 'பாப்பா காது – டாக்டர்' என்று எழுதினேன். 'யார்' என்ற கட்டத்தில் 'இருவரும்' என்று போட்டேன்.

அந்த வாரம் அவருக்கு ஆடிட். லீவு கேட்க முடியவில்லை. அம்புக்குறி விழுந்தது. அடுத்த வாரம் எங்கள் ஆபீசில் கோடை விடுமுறைக் கூட்டம். ஊருக்குப் போகிறவர்கள் கவுன்டரை மொய்த்தார்கள். மறுபடி அம்பு. அதற்கடுத்த வாரம் வேலூரில் அவருடைய அத்தை மகளுக்குக் கல்யாணம். ஞாயிறன்று அவர் வழக்கம்போல மூன்றாவது அம்பைப் போட்டார், கடைசிப் பக்கத்தைத் திருப்பினார், 'ஜன்னலுக்குக் கொசுவலை' என்பதற்கும் 'ஊட்டி' என்பதற்கும் நடுவில் அதை எழுதிச் சிவப்பு வட்டம் போட்டார். நான் எதிரில்தான் இருந்தேன். அவருக்குக் காபி ஆற்றிக்கொண்டிருந்தேன். எனக்குக் கோபம் வரவில்லை. நிம்மதியாக இருந்தது. அவ்வளவு நம்பிக்கை அந்த நோட்டின் மேல். அது யோசனை என்று சொல்லிவிட்டால் யோசனைதான்.

மழைக்காலமும் போய்விட்டது. ஒரு சாயங்காலம் நானும் அவளும் மட்டும் வீட்டில் இருந்தோம். அவள் கூடத்தில் டப்பாக்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்து அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். கரண்ட் போனது. அந்த நாட்களில் அது புதிதில்லை. ஆனால் அன்று தெரு முழுக்க இருட்டு, ஜன்னல் வழியாகக்கூட வெளிச்சம் இல்லை. அவள் வீறிட்டு அலறினாள்.

"அம்மா இங்கதான்டா இருக்கேன், பயப்படாத, இதோ வரேன்" என்று சொல்லிக்கொண்டே சுவரைத் தடவிச் சமையலறைக்குப் போனேன். தீப்பெட்டி கிடைக்கவில்லை. சொல்லிக்கொண்டே இருந்தேன். கத்திச் சொன்னேன். அவள் அலறல் ஒரு நூல்கூட இறங்கவில்லை. யாருமே இல்லாத இடத்தில் விட்டுவிட்டுப் போன குழந்தை மாதிரி அழுதாள். கடைசியில் தீக்குச்சியைக் கிழித்துக்கொண்டு கூடத்துக்கு வந்தேன். என் முகம் தெரிந்த அந்த நொடியில் அழுகை நின்றது.

குச்சி விரலைச் சுடும்வரை அவளையே பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு வேண்டுமென்றே இருட்டில், அவளை மடியில் வைத்துக்கொண்டு, அவள் தலைக்குப் பின்னால் மெதுவாகக் கூப்பிட்டேன். அசையவில்லை. இன்னும் கொஞ்சம் சத்தமாகக் கூப்பிட்டேன். என் வளையலை நெருடிக்கொண்டிருந்தாள்.

அவர் வந்ததும் செருப்பைக் கழற்றவிடவில்லை. நோட்டைப் பிரித்து அந்தச் சிவப்பு வட்டத்தை அவர் முகத்துக்கு நேரே பிடித்தேன். என்னென்னவோ கத்தினேன். அவர் கேட்டுக்கொண்டே நின்றார்.

"நீயுந்தான் பக்கத்துல உக்காந்திருந்த" என்றார் கடைசியில்.

அது உண்மை. அதனாலேயே அவரைக் கொன்றுவிடலாம் போல இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து அவர் பழக்கதோஷத்தில் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். புதிய பக்கத்தைத் திருப்பி, "திங்கக்கிழம ஆஸ்பத்திரிக்கு..." என்று ஆரம்பித்தார்.

பேனாவைப் பிடுங்கி வீசினேன். "எழுதாதீங்க! எழுதாம கூட்டிட்டுப் போங்க!"

மறுநாள் இருவரும் லீவு சொல்லாமலேயே போனோம். கண்ணாடி வைத்த ஒரு சின்ன அறையில் அவளை உட்கார வைத்து, பல விதமான சத்தங்களை எழுப்பிப் பார்த்தார்கள். எங்கள் காதில் விழுந்த மணிச் சத்தத்துக்கும் மேளச் சத்தத்துக்கும் அவள் பொம்மையை விட்டுத் தலை நிமிரவில்லை.

"ரெண்டு காதும் ரொம்ப கம்மி" என்றார் டாக்டரம்மா. "உங்க வாயப் பாத்து, மூஞ்சியப் பாத்துத்தான் புரிஞ்சுக்கறா. கெட்டிக்காரி, அதான் உங்களுக்குத் தெரியல. மெஷின் வெக்கலாம், பேச்சுப் பயிற்சி குடுக்கலாம். ஆனா இந்த வயசுல போற ஒவ்வொரு மாசமும் போனதுதான். முன்னாடியே யாருக்கும் தோணலையா?"

நாலு பாஷை, நர்சரி ஆன்ட்டி என்று ஏதாவது சொல்லித் தப்பித்துவிடலாம் என்றுதான் தேடிக்கொண்டிருந்தேன்.

"தோணிச்சு மேடம்" என்றார் அவர். "தள்ளிப் போட்டுட்டோம்."

அவர் மேல் எனக்கு எத்தனையோ ஆத்திரம் இருந்தது, அதன்பிறகும் இருந்தது. ஆனால் அந்த இரண்டு வார்த்தைக்காக அன்று அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அந்தக் காலத்து மெஷின் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய டப்பா. மார்பில் தொங்க வேண்டும், அதிலிருந்து காதுக்கு ஒயர் போகும். பழைய சட்டைத் துணியில் அதற்கு ஒரு பை தைத்து அவள் கழுத்தில் மாட்டினேன். முதல் நாள் ஒயரைப் பிடித்துப் பிடித்து இழுத்தாள். பிறகு மறந்துவிட்டு, தரையில் உட்கார்ந்து டப்பாக்களை அடுக்க ஆரம்பித்தாள். அவளுக்கு முதுகுப்பக்கம் போய் உட்கார்ந்தேன். மெஷினின் குமிழைக் கொஞ்சம் கூட்டி வைத்திருந்தோம்.

"பாப்பா" என்றேன்.

தூக்கிவாரிப் போட்டது அவளுக்கு. கையிலிருந்த டப்பா விழுந்தது. நிமிர்ந்து மின்விசிறியைப் பார்த்தாள். ஜன்னலைப் பார்த்தாள்.

"பாப்பா, அம்மா கூப்பிடறேன்டா."

எழுந்து நின்றாள். பிறந்த நாளிலிருந்து அவளைக் கொஞ்சியிருக்கிறேன், தாலாட்டுப் பாடித் தூங்க வைத்திருக்கிறேன், அவளிடம் வாய் ஓயாமல் பேசியிருக்கிறேன். அவள் நேராக அலமாரிக்குப் போனாள். அங்கே அணைத்து வைத்திருந்த ரேடியோவின் மேல் உள்ளங்கையை வைத்தாள்.

நான் மறுபடி கூப்பிட்டேன். அவள் ரேடியோவைப் பார்த்துச் சிரித்தாள்.