காயம் படாத மரங்கள்

தெரணியகலைக்கு மேலேயுள்ள ரப்பர் தோட்டத்தில் மேர்சியிடம் இருநூற்றெழுபத்தைந்து மரங்கள் இருந்தன. பால் வெட்டுகிறவளுக்குக் கத்தியைவிடக் கைதான் முக்கியம். பட்டையை வெங்காயத் தோல் கனத்துக்குச் சீவ வேண்டும். கொஞ்சம் மேலோடு போனால் பால் வராது. ஒரு மயிரிழை உள்ளே போனால் கத்தி மரத்தைத் தொட்டுவிடும். அதற்குப் பேர் காயம். காயம் பட்ட இடத்தில் பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும், பிறகு அங்கே ஒருத்தராலும் வெட்ட முடியாது.

போன வருடத் தவக்காலத்தில் மேர்சி ஒருசந்தி இருந்தாள். நாளுக்கு ஒரு வேளைச் சாப்பாடு. அவர்கள் குடியிருக்கும் லயத்தில் ஒருசந்தி என்றால் மாலை ஜெபம் முடியும்வரை பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படக் கூடாது. ஒன்பதாம் நாள் அவள் கை நடுங்கியது. அன்றைக்கு மட்டும் ஐந்து மரங்களில் காயம். பத்தாம் நாள் மரத்தடியிலேயே மயங்கி விழுந்தாள். மரங்களை வேறு ஆளுக்குக் கொடுத்து, அவளை மூன்று மாதம் புல்லு வெட்டப் போட்டார்கள். விழுந்ததை அவள் சீக்கிரம் மறந்துவிட்டாள். அந்த ஐந்து மரங்களைத்தான் மறக்க முடியவில்லை. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் தடவிப் பார்ப்பாள்.

இந்த வருடம் சாம்பல் புதனன்று நெற்றியில் சாம்பலோடு கோயிலிலிருந்து வந்து, "இந்த வருசமும் ஒருசந்திதான்" என்றாள்.

புருசன் டெனிஸ் பனிஸைத் தேத்தண்ணியில் தோய்த்துக்கொண்டிருந்தான். "அப்ப நானும் இருக்கவா?"

"நீங்க சீனி வருத்தத்துக்கு மாத்திர போடுற ஆளு. டாக்டரக் கேக்காம ஒங்களுக்கு ஒருசந்தி கெடையாது."

"ஆண்டவருக்குத் தோத்திரம்" என்று சொல்லி அவன் இன்னொரு பனிஸை எடுத்தான். பிறகு குரலை இறக்கினான். "புள்ள, பங்குனியில பீல்ட் ஐயா மரம் பாக்க வாறார். இந்தத் தடவ ரெண்டு புதுக் காயத்துக்கு மேல இருந்தா மரத்த ஒரேயடியா எடுத்துப்புடுவாங்களாம்."

"தெரியும்" என்றாள் மேர்சி. "ஒருசந்தியும் விட மாட்டேன். மரத்தையும் விட மாட்டேன்."

அந்த வருடம் முஸ்லிம்களின் நோன்பும் அதே கிழமையில் தொடங்கியிருந்தது. பசாரில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் மஸீஹா அவளுக்குப் பழக்கம். பருப்பு நிறுத்துக்கொண்டே மஸீஹா கேட்டாள்: "நீ எத்தன மணிக்குத் திங்கிற?"

"ராவைக்கு."

"தின்னுட்டு?"

"தூங்குவேன்."

"தின்டது முழுக்கத் தூக்கத்துக்குப் போகுது. வேலைக்கு என்ன மிச்சம்? நாங்க சஹருக்கு எழும்பி, விடிய முந்தித் தின்டுட்டுத்தான் பகலெல்லாம் இருக்கிறோம். ஒங்கட சாமி நேரமும் சொன்னாரா?"

சாமி நேரம் சொல்லவில்லை. மேர்சி பாதரிடமே போய்க் கேட்டாள். ஒரு வேளை என்பதுதான் கணக்கு, அது எந்த வேளை என்பது உன் வசதி என்றார் அவர். தண்ணீர் ஒருசந்தியை முறிக்காது என்றும் சொன்னார்.

மறுநாளிலிருந்து விடியற்காலை நாலு மணிக்கு அடுப்பு எரிந்தது. சிவப்பரிசிச் சோறு, பருப்பு, கீரை, ஒரு முட்டை. அவசரமில்லாமல் மென்று சாப்பிட்டு, இரண்டு கோப்பை தண்ணீர் குடித்து, வெளிச்சம் வரும்போது மலையில் நின்றாள். கை கல்லுப் போல நின்றது. ஆனாலும் பத்து மணிக்கு உதடு வெடித்து, தலை இடித்தது. யோசித்துப் பார்த்தாள். பாதர் தண்ணீருக்கு இடம் கொடுத்தும், பழைய பழக்கத்தில் அவள் போத்தலைக் கொண்டுபோகவில்லை. மஸீஹா கடைக்குள் விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறாள். தனக்கு மலை. அதுவும் மாசி மாதத்து ரப்பர் மலை. இலை முழுவதும் கொட்டி, மரங்கள் விளக்குமாறு மாதிரி நிற்கும். ஒரு கை அகலத்துக்கு நிழல் கிடையாது.

ஆகவே போத்தல் வந்தது. தண்ணீரில் தேசிக்காய் பிழிந்து, உப்பு ஒரு சிட்டிகை. தாகம் எடுக்கட்டும் என்று காத்திருக்கவில்லை. இருபது மரத்துக்கு ஒரு தரம் நின்று நாலு மடக்கு குடித்தாள். ஒன்பது மணிக்குக் கத்தி முனையைக் கட்டைவிரல் நகத்தில் வைத்துப் பார்ப்பாள். முனை ஆடாவிட்டால் அடுத்த மரம். பால் ஊற்றிக் கொடுத்து வந்ததும் வெயில் தாழும்வரை வீட்டுக்குள்ளேயே இருந்தாள்.

"தண்ணி குடிக்கிற நோன்பா?" என்று மஸீஹா நையாண்டி செய்தாள். "அப்ப நானும் ஒங்கட வேதத்துக்கு வாறன்."

"வாங்கக்கா. நாப்பது நாள். ஒங்களுக்கு முப்பதுதானே."

மரம் பார்க்கும் நாள் வந்தது. அன்று காற்றே இல்லை. எட்டு மணிக்கே மலை கொதித்தது. பீல்ட் ஐயா முதல் மரத்திலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு கீழே வருவது அவளுக்குக் கேட்டது. இருநூற்று முப்பத்தோராவது மரத்தில் கத்தியை வைத்தபோது கண்ணுக்கு முன்னால் கறுப்புப் புள்ளிகள் பறந்தன. முனையை நகத்தில் வைத்தாள். ஆடியது.

இன்னும் நாற்பத்தைந்து மரம். ஐயா வரும்போது வெட்டிக்கொண்டிருந்தால் நல்லது. உட்கார்ந்திருந்தால் என்ன நினைப்பார்? கத்தியை மறுபடி பட்டையில் வைத்தாள். பிறகு எடுத்தாள். போய்ப் பாறை ஓரத்தில் உட்கார்ந்து, முந்தானையை நனைத்துக் கழுத்தில் போட்டு, கூடையைத் துழாவினாள். டெனிஸ் அவளுக்குத் தெரியாமல் ஒரு துண்டு கித்துள் கருப்பட்டியும் பாதி ரொட்டியும் சுற்றி வைத்திருந்தான். ஒரு நிமிடம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சிலுவை போட்டுக்கொண்டு கடித்தாள்.

"மேர்சி, மொகத வுணே?" என்ன ஆச்சு என்று கேட்டபடி ஐயா வந்து நின்றார்.

"தல சுத்துது ஐயா. சுத்துற தலையோட வெட்ட மாட்டேன்."

அவர் வெள்ளைப் பெயின்ட் டப்பாவோடு மிச்ச மரங்களையும் பார்க்கப் போனார். புதுக் காயம் இருந்தால் பொட்டு வைப்பதற்குத்தான் அந்தப் பெயின்ட். மேர்சி ரொட்டியை மெதுவாக மென்றாள். கருப்பட்டியையும் கடித்துக்கொண்டாள்.

கால் மணி கழித்து அவர் திரும்பி வந்தார். தூரிகை காய்ந்தே இருந்தது. "எக துவாலயக்வத் நே" என்றார். புதிதாக ஒரு காயம்கூட இல்லை. "மிச்ச மரம் நாளைக்கு வெட்டு. ஹரித, சரியா?"

"இல்லீங்க ஐயா" என்று எழுந்தாள். புள்ளிகள் போய்விட்டிருந்தன. முனையை நகத்தில் வைத்துக் காட்டினாள். "பாருங்க."

அவர் பார்த்தார், சிரித்தார், கொஞ்சம் தள்ளிப் போய் நின்றுகொண்டார். நாற்பத்தைந்தையும் அவள் வெட்டி முடிக்கும்வரை அங்கிருந்து நகரவில்லை.

மத்தியானம் வீட்டுக்கு வந்தவளிடம் டெனிஸ் பயந்துகொண்டே கேட்டான்: "ரொட்டியக் கண்டியா? கோவமா?"

"இன்னைக்கு ஒருசந்தி போச்சு. நாளைக்கு மறுபடி இருப்பேன்" என்றாள். "மரம் போகல."

பொழுது சாயும் நேரத்தில் பசாருக்கு இறங்கினாள். பள்ளிவாசலில் பாங்கு சொல்ல, மஸீஹா பேரீச்சம்பழம் வைத்து நோன்பு திறந்தாள். முன்னால் ஒரு சட்டி கஞ்சி ஆவி பறந்தது. மேர்சி தானே ஒரு கோப்பையை எடுத்து அவளிடம் நீட்டினாள்.

"என்ன புள்ள, ஒனக்கு விடிய மட்டும்தானே?"

"இன்னைக்கு லீவு. ஊத்துங்க."

"நோன்ப முறிச்சுப்போட்டு இவ்வளவு சந்தோசமா?"

"புதுக் காயம் இல்லக்கா. பாத்த மரத்துல ஒண்ணுலகூட இல்ல."

மஸீஹா அகப்பையை நிறைத்து ஊற்றினாள். அடியில் கிடந்த இறைச்சித் துண்டுகளைத் தேடி எடுக்கப் போனவளை மேர்சி கையைப் பிடித்து நிறுத்தினாள். "இறைச்சி வேணாம். தவக்காலம்."

"பெரிய தவக்காலக்காரி" என்றாள் மஸீஹா. இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில், பருப்பு வாங்க வந்தவர் சிரிப்பு முடியும்வரை காத்துக்கொண்டு நின்றார்.