ஒருநூலாரும் பத்தடிக் குச்சியும்

உட்காருங்கள் என்றால் உட்காரமாட்டார். முதலில் சுவரைப் பார்ப்பார். அங்கே தொங்கும் படத்தின் கீழ்மூலையில் சுட்டுவிரலை வைத்து மேலே ஒரு தள்ளு, தலையைச் சாய்த்து ஒரு பார்வை, திரும்பக் கீழே அரைத் தள்ளு. “ஒரு நூல் எறங்கியிருந்துச்சு” என்பார். பிறகுதான் வந்த விஷயம். துக்க வீடானாலும் அப்படித்தான், வங்கி மேலாளரின் அறையானாலும் அப்படித்தான். நூல் என்பது தச்சர் கணக்கில் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. மற்றவர்களுக்கு அது கண்ணில் விழுந்த தூசி, அவருக்கு அது கண்ணில் விழுந்த உலக்கை. படங்களுக்கு ஃப்ரேம் போட்டுப் பிழைக்கும் அவரைத் தெருவே ஒருநூலார் என்கிறது. கூரியர் பார்சல்கூட அந்தப் பெயருக்குத்தான் வருகிறது.

படத்தில் இருப்பவர்களோடு அவருக்குப் பேச்சுவார்த்தை உண்டு. “கொஞ்சம் நிமிந்து உக்காருங்க சார்” என்று புகைப்படத்திடம் சொல்லிக்கொண்டேதான் கண்ணாடியைப் பதிப்பார். பட்டமளிப்புப் படம் வந்தால் உற்சாகம் கூடும். “அங்கி வாடகை, தொப்பி வாடகை, சிரிப்பு மட்டும் சொந்தம்” என்று சிரித்துவிட்டு, வீட்டில் எத்தனையாவது பட்டம் என்று விசாரிப்பார். முதலாவது என்று பதில் வந்தால், யாரும் கேட்காமலே, ஃப்ரேமுக்கு வெட்டும் மரக்குச்சிகளில் இரண்டு விரல் அகலப் பீடிங்கை உருவிவிடுவார். “மொத ஆளு. சுவத்துல கொஞ்சம் எடம் அடைக்கட்டும்.” இரண்டாவது, மூன்றாவது பட்டங்களுக்கு ஒல்லிப் பீடிங் போதும் என்பது அவர் தீர்ப்பு. மேல்முறையீடு கிடையாது.

வாங்க ஆள் வராத படங்கள் எல்லா ஃப்ரேம் கடையிலும் தேங்கும். அவரிடமும் ஒரு குவியல் இருந்தது. வார்னிஷ் காய்வதற்குள் பிரிந்துவிட்ட கல்யாண ஜோடி, இதைவிட நல்ல படம் ஒன்று இருக்கிறது என்று எடுக்கப்போய்த் திரும்பாத பாடகர், இந்நேரம் மீசை முளைத்திருக்க வேண்டிய கைக்குழந்தை. அதில் பெரிய படம் அவருடைய மச்சானுடையது. மனைவியின் அண்ணன், தங்க நிறப் பிளாஸ்டிக் ஃப்ரேம்களால் ஊரை நிரப்பிய பெரிய கடைக்காரர். தன் கடைச் சரக்கின் தரம் தெரிந்தவர் என்பதால், தன் முகத்துக்கு மட்டும் ஒருநூலாரிடம் வந்தார். ஒருநூலார் மெல்லிய கறுப்புப் பீடிங் போட்டுக் கொடுத்தார்.

“என்ன மாப்ள, காணாமப் போனவன் விளம்பரம் மாதிரி இருக்கு” என்று வைத்துவிட்டுப் போனவர் அதை எடுக்கவே இல்லை.

கடை இருந்த கட்டடத்தை இடிக்கப்போகிறார்கள் என்று உறுதியானதும் அதே மச்சான் வந்து நின்றார். “மிஷினை என் கடைக்கு ஏத்திடலாம் மாப்ள. உங்களுக்கும் மூலையில ஒரு ஸ்டூல் போட்டுத் தர்றேன்.”

அந்த ஸ்டூல் ஒருநூலாரின் காதுக்குள் ஆணியாக இறங்கியது. தன் தொழிலுக்குத் தானே முதலாளியாக இருந்தவர், இனி அடுத்தவர் மூலையில் உட்கார்ந்து தங்க நிறப் பிளாஸ்டிக்கை ஒட்டுவதா? “எதுக்கு மச்சான் சிரமம்? வீட்டுல பின்னறை சும்மாதான கெடக்கு.”

“அதுக்குள்ளயா? மிஷின் உள்ள போனா நீங்க வெளிய நிக்கணும்.”

“அளந்துட்டேன் மச்சான்.”

அளக்கவில்லை. அன்று மாலையிலிருந்து அளந்தார்.

பின்னறை அதுவரை ஓர் உடைந்த கட்டிலுக்கும், ஓடாத மேசை விசிறிக்கும், எப்போதாவது உதவும் என்று மனைவி சேர்த்த காலி டப்பாக்களுக்கும் பட்டா போட்ட இடம். எல்லாவற்றையும் காலி செய்துவிட்டு, ஒவ்வொரு சாமானின் அடிப்பாகத்துக்கும் பழைய செய்தித்தாளை அதே அளவில் வெட்டித் தரையில் பரப்பினார். மூலைவெட்டு மிஷின் ஒரு தாள், கண்ணாடி வெட்டும் மேசை ஒரு தாள், அட்டை அலமாரி ஒரு தாள். தாள்களை நகர்த்தி நகர்த்தி, சதுரங்கம் ஆடுகிறவர்போலத் தாடையைத் தடவினார். யாரும் அவற்றை மிதிக்கக்கூடாது.

மனைவி துடைப்பத்தோடு வந்து நின்றாள். “இப்ப நான் எதுமேல நிக்கிறேன்?”

“மிஷின் மேல. எறங்கு.”

“எறங்கிட்டேன். இப்ப?”

“இப்ப அலமாரிக்குள்ள நிக்கிற.”

“நல்லவேளை. கதவைச் சாத்திக்கிட்டுக் கொஞ்சம் தூங்கிக்கிறேன்.”

சாமான்கள் வந்த அன்று மச்சானும் வேடிக்கை பார்க்க வந்துவிட்டார். மூலைவெட்டு மிஷின் என்பது முழுக்க இரும்பு. காலால் மிதித்தால் இரண்டு கத்திகள் ஒன்றாக இறங்கிப் பீடிங்கின் முனையைச் சாய்வாக நறுக்கும். நாலு பேர் மூச்சுப் பிடித்துத் தூக்க, அது வாசற்படியில் இந்தப் பக்கம் ஒரு நூல், அந்தப் பக்கம் ஒரு நூல் விட்டு உள்ளே நுழைந்தது. மேசை நின்றது. அலமாரி நின்றது. ஓர் ஆள் திரும்புவதற்கும் இடம் இருந்தது, அந்த ஆள் சாப்பிடாமல் இருந்தால். ஒருநூலார் மச்சானைப் பார்த்த பார்வையில் மலையைக் கடுகுக்குள் வைத்தவரின் அடக்கம் தெரிந்தது.

“எங்க, ஒண்ணு வெட்டிக் காட்டுங்க மாப்ள.”

ஒருநூலார் ஒரு பீடிங்கை எடுத்தார். பத்தடி நீளக் குச்சி. அதை மிஷினில் இடப்பக்கமாகக் கிடத்தி, கத்திக்கு நேரே தள்ள வேண்டும். கிடத்தினார். குச்சியின் மறுமுனை ‘டொக்’ என்று இடப்பக்கச் சுவரில் இடித்து நின்றது. கத்திக்கு வரவேண்டிய முனை கத்தியைத் தாண்டி எங்கோ இருந்தது. சாய்த்துப் பார்த்தார். டொக். பழைய கடையில் குச்சியின் வால் எப்போதும் திறந்த கதவு வழியாகத் தெருவுக்கு நீண்டிருக்கும். போகிறவர்கள் குனிந்து போவார்கள். அப்படியே பழகிவிட்டதால் அதற்கும் இடம் வேண்டும் என்பதே மறந்துபோயிற்று. மிஷினை அளந்தவர் குச்சியை அளக்கவில்லை.

சுமை தூக்கியவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: “ஆனை நுழைஞ்சிடுச்சு அண்ணே. வாலுதான் மாட்டிக்கிச்சு.”

மச்சான் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலாம். “ஞாயித்துக்கிழமை வண்டி அனுப்பறேன்” என்று தோளில் தட்டிவிட்டுப் போனார்.

ஒருநூலார் மிஷினை எல்லாத் திசைக்கும் திருப்பிப் பார்த்தார். ஜன்னல் பக்கம் திருப்பினால் கண்ணாடி மேசை வெளியே போக வேண்டும். வாசல் பக்கம் திருப்பியபோது குச்சி மாடிப்படிக்கு நீண்டது. இறங்கி வந்த மாடி வீட்டுக்காரர் அதைக் கைப்பிடி என்று நம்பிப் பற்றியதில், இருவருக்கும் அதிர்ச்சி.

“குச்சியைப் பாதியா அறுத்துக்கக் கூடாதா?” என்றாள் மனைவி.

பெற்ற பிள்ளையின் காலை வெட்டச் சொன்னதுபோல் பார்த்தார். “பெரிய படம் வந்தா என்ன பண்றது? வர்ற மிச்சமெல்லாம் பல்லு குத்தத்தான் ஆகும்.”

பிறகு இடப்பக்கச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அந்தப் பக்கம் என் அடுப்படி” என்றாள்.

“தெரியும்.”

“தெரிஞ்சுதான் அப்படிப் பாக்கறீங்களா?”

“சும்மா சுவத்தைப் பாக்கறேன்.”

“உங்களைக் கட்டின நாள்லேர்ந்து நீங்க சும்மா சுவத்தைப் பாத்து நான் பாத்ததில்ல.” அடுப்படிக்குப் போனவள், சற்று நேரத்தில் அந்தப் பக்கத்திலிருந்து கரண்டிக்காம்பால் சுவரைத் தட்டினாள். “இந்த எடத்துல போடுங்க. அடுப்புக்கு ஒரு முழம் தள்ளி. தட்டிட்டுத்தான் குச்சி வரணும். சொல்லாம வந்து முதுகுல குத்துச்சு, நானே உங்களை எங்கண்ணன் வண்டியில ஏத்தி விட்டுடுவேன். அப்புறம் ஓட்டை ஓட்டையாத் தெரியக்கூடாது.”

ஒரு நூல் பிசகைப் பொறுக்காதவர் போட்ட ஓட்டை, பெருச்சாளி குடித்தனம் பெயர்ந்த வளைபோல வந்தது. மரம் பழகிய கைக்குச் செங்கல் பிடிபடவில்லை. மறைக்க ஒரு படம் வேண்டும். மேல் விளிம்பில் கீல் வைத்து மாட்டினால், குச்சி முட்டும்போது கதவுபோல மேலே திறந்து வழிவிடும். குவியலிலிருந்து கல்யாண ஜோடியைக் கொண்டுவந்தார்.

“முன்பின் தெரியாதவங்க சண்டையை அடுப்படியில வச்சுக்க முடியாது.”

பாடகரும் கைக்குழந்தையும் அளவில் சிறியவர்கள். ஓட்டையை முழுக்க மூடக்கூடிய முகம் ஒன்றுதான் இருந்தது. அவள் அதை வாங்கிச் சேலைத் தலைப்பால் துடைத்தாள். “எங்கண்ணனும் நம்ம வீட்டுக்கு உதவினதா இருக்கட்டும்.”

மாட்டியாயிற்று. ஆனாலும் ஒரு குறை. பத்தடிக் குச்சியின் வால் அடுப்படிக்குள் அந்தரத்தில் தொங்குவதால், இந்தப் பக்கம் முனை கத்திக்குக் கீழே ஒரு நூல் தூக்கிக்கொண்டது. அப்படி வெட்டினால் ஃப்ரேமின் மூலை சேராது, வாய் திறந்து இளிக்கும். உத்தரத்திலிருந்து கயிறு கட்டித் தாங்கிப் பார்த்தார். அது ஊஞ்சலாடியது.

“நீ கொஞ்சம் புடிச்சுக்கிட்டா...”

“நான் சமைக்கறதா, உங்க குச்சிக்குத் தோள் குடுக்கறதா? ஓட்டை குடுத்தேன்ல, அதோட விடுங்க.”

ஞாயிற்றுக்கிழமை வண்டி வந்தது. ஒருநூலார் அப்போது பின்னறையில், ஒரு வீட்டின் முதல் பட்டத்துக்கான அகலப் பீடிங்கைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். மச்சான் அடுப்படிக்குள் போவது கேட்டது. ஓட்டை விழுந்த பிறகு அந்தச் சுவர் வெறும் திரைதான்.

“அட, நம்ம படம். இங்கயா மாட்டியிருக்க?”

“கண்ணு முன்னாலயே இருக்கட்டும்னுதான் அண்ணே.”

“என்ன இருந்தாலும் தங்கச்சி தங்கச்சிதான்.” டம்ளரை வைக்கும் சத்தம். “சரி, மாப்ளயக் கெளம்பச் சொல்லு. ஆளுங்க வெளிய நிக்கறாங்க. எடுத்துச் சொல்லிப் புரிய வைக்கறது உன் பொறுப்பு.”

சட்டியில் கரண்டி சுற்றிக்கொண்டிருந்தது.

தட்டினால், படத்து மச்சானின் தாடையைத் தூக்கிக்கொண்டு நிஜ மச்சானின் முன்னாலேயே குச்சி நீளும். தட்டாவிட்டால் வாசலில் வண்டி. ஒருநூலார் குச்சியின் முனையால் சுவரைத் தட்டினார்.

கரண்டி நின்றது.

குச்சியை உள்ளே விட்டார். வழக்கமாகப் படத்தின் பாரம் குச்சியின் முதுகில் ஏறி உட்காரும். இப்போது ஏறவில்லை. யாரோ படத்தை முன்னதாகவே தூக்கிப் பிடித்திருந்தார்கள். குச்சி வழுக்கிக்கொண்டு போயிற்று.

“என்னம்மா இது, என் கழுத்துக்குக் கீழேர்ந்து...”

“கொஞ்சம் தள்ளி நில்லுங்க அண்ணே. அளவு தப்பிடும்.”

ஒருநூலார் மிதியில் காலை வைத்துக்கொண்டு, கத்திக்குக் கீழே தூக்கி நின்ற முனையையே பார்த்தார். அந்தப் பக்கம் ஒரு கை குச்சியைத் தாங்கி மெல்ல உயர்த்த, இந்தப் பக்கம் அது ஒரு நூல் இறங்கி, மட்டமாகப் படிந்தது.